வெள்ளெழுத்துக்காரருக்கு ஒரு குட்டி ஸ்கோப்

ஏர் ரைஃபிளில் குறி பார்க்கும் கண் ஒரே சமயத்தில் மூன்று தூரங்களைக் கவனிக்க வேண்டும். முழங்கைத் தூரத்தில் ரியர் சைட், குழலின் நுனியில் ஃப்ரன்ட் சைட், பத்து மீட்டருக்கு அப்பால் இலக்கு அட்டை. இருபது வயதுக் கண் இந்த மூன்றுக்கும் இடையே நொடியில் போய் வந்துவிடும். நாற்பத்தைந்தைத் தாண்டிய கண்ணுக்கு அது முடியாது. வெள்ளெழுத்து வந்தவருக்கு ரியர் சைட்டின் பள்ளம் கலங்கித் தெரியும். படிக்கிற கண்ணாடியை மாட்டினால் பள்ளம் தெளியும், அட்டை மங்கிப்போகும். கண்ணாடியைக் கழற்றினால் அட்டை திரும்பி வரும், பள்ளம் போய்விடும்.

மயிலாப்பூரில் இருக்கும் என் நண்பர் ஒருவரின் பிரச்சினை இதுதான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரிக் காலத்தில் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டுப் பழகியவர். அந்த ஆசை விடாமல், இந்தியத் தயாரிப்பு ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்றை வாங்கி, அடையாற்றில் ஒரு பயிற்சிக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

"கை சரியாத்தான் இருக்கு சார், கண்ணுதான் ஒத்துழைக்க மாட்டேங்குது. சின்னதா ஒரு ஸ்கோப் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். நீங்களும் வாங்களேன்" என்றார்.

குறைந்த விலையில் கிடைக்கும் கையடக்க ஸ்கோப் எதுவரை உதவும், எங்கே கைவிடும் என்று கடையிலிருந்து சுடுதளம்வரை கூடவே இருந்து பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

பாண்டி பஜார்: பெட்டி சொல்வதும் சொல்லாததும்

உஸ்மான் சாலை நெரிசலைத் தாண்டி, பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் இருக்கிறது அந்த விளையாட்டுச் சாமான் கடை. வாசலில் கேரம் போர்டுகளும் கிரிக்கெட் மட்டைகளும். உள்ளே கண்ணாடி அலமாரியில் ஈயக் குண்டு டப்பாக்களும் ஸ்கோப் பெட்டிகளும். ஏர் ரைஃபிள் வாங்க வருகிறவரிடம் ஆதார் நகல் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். ஸ்கோப்புக்கு அந்தக் கேள்வி இல்லை.

கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் 4×20 என்றும், அடுத்ததில் 4×32 என்றும், மூன்றாவதில் 3-9×40 என்றும் போட்டிருந்தது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 4×20-ல் அது 5 மி.மீ., 4×32-ல் 8 மி.மீ. மூன்றாவது ஸ்கோப்பை 9 மடங்குக்குத் திருகினால் நாலரை மி.மீ.கூட வராது. ஒளிவட்டம் பெரிதாக இருந்தால் தலை கொஞ்சம் அசைந்தாலும் படம் கருக்காது. வயதானவருக்கும், புதிதாகப் பழகுகிறவருக்கும் இது பெரிய வசதி.

நண்பர் 4×32-ஐக் கையில் எடுத்தார். ஒரு சாண் நீளம்தான். உடம்பு அலுமினியக் குழாய், மேலே மங்கலான கறுப்புப் பூச்சு. 3-9×40 இதைவிட நல்ல நீளம், எடையும் அதிகம்.

"இந்தச் சின்னதையே எடுத்துக்கங்க சார். வெயிட் ஏறாது, லோடு பண்ணும்போது கையில இடிக்காது" என்றார் கடையில் இருந்த இளைஞர். அவர் சொன்னது சரி. நண்பருடையது குழலை மடக்கி ஏற்றும் ரைஃபிள். குழல் மடங்குகிற இடத்தில்தான் குண்டை விரலால் வைத்து அழுத்த வேண்டும். நீளமான ஸ்கோப்பின் முன்பகுதி அந்த இடத்துக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்று ஒவ்வொரு முறையும் விரலைத் தடுக்கும். குட்டி ஸ்கோப் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

லென்ஸைக் கடையின் டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தோம். பூச்சு இல்லாத கண்ணாடி விளக்கை அப்படியே வெள்ளையாகத் திருப்பி அடிக்கும். இதில் பிரதிபலிப்பு மங்கலாக, பச்சையும் ஊதாவும் கலந்து தெரிந்தது. ஒளி வீணாகாமல் உள்ளே போகப் பூச்சு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வாசலுக்கு வந்து எதிர்ப்பக்கத்துத் துணிக்கடைப் பலகையைப் பார்த்தபோது நடு எழுத்துகள் கூர்மையாக இருந்தன. விளிம்பில் இருந்த எழுத்துகள் சற்று வளைந்து தெரிந்தன. இந்த விலைக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு விஷயங்களை மட்டும் கடையிலேயே கவனித்தாக வேண்டும். முதலாவது, ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்து நிறுத்தும் ரிங். ரைஃபிளின் முதுகில் இருக்கும் பள்ளம் 11 மி.மீ. அகலத்துக்கானது. பெட்டியோடு வந்த ரிங்குகள் 20 மி.மீ. அகலத் தண்டவாளத்துக்கானவை. கண்ணால் பார்த்தால் பொருந்திவிடும் என்றே தோன்றும், பொருந்தாது. கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது, எந்தத் தூரத்துக்கு அந்த லென்ஸைச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள் என்பது. பெட்டியின் ஆறு பக்கங்களிலும் தேடினோம், எழுதியிருக்கவில்லை. ஏர் ரைஃபிளுக்கு வாங்குகிறவருக்கு முதலில் தெரிய வேண்டிய தகவல் அது. காரணம் அடையாற்றில் விளங்கியது.

ரிங்குகளோடு சேர்த்து இரண்டாயிரத்துக்குச் சற்று மேல் ஆனது.

மயிலாப்பூர்: கோபுரமும் சாப்பாட்டு மேசையும்

நண்பர் வீடு மாட வீதிகளுக்குப் பக்கத்தில். மொட்டை மாடிக்குப் போனால் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் நேர் எதிரே நிற்கும். ஏறத்தாழ 120 அடி உயரம், உச்சிவரை சுதைச் சிற்பங்கள். லென்ஸைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஸ்கோப்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். ரைஃபிள் கீழே உறையில் இருந்தது. துப்பாக்கியில் மாட்டிய ஸ்கோப்பைத் தொலைநோக்கியாக வைத்து ஊரைப் பார்ப்பது பெரிய தவறு. கண் போகிற இடமெல்லாம் குழலும் போகும். அது காலியாக இருந்தாலும் எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவருக்கு அது தெரியாது. சூரியன் பக்கம் திருப்பவே கூடாது என்பதையும் சொல்லத் தேவையில்லை.

சாயங்கால வெயிலில் சிற்பங்களின் விரல்கள்கூடப் பிரிந்து தெரிந்தன. ஒரு மாடத்துக்குள் ஒதுங்கியிருந்த கிளியின் கழுத்து வளையம் தெரிந்தது. கோபுரத்தின் ஓரமும் வெளிர் வானமும் சந்திக்கிற கோட்டில் மெல்லிய ஊதா நிறம் படர்ந்திருந்தது. விலை மலிந்த கண்ணாடியில் நிறங்கள் ஒரே புள்ளியில் குவியாததால் வருவது அது. வெயில் இறங்கி விளக்கு போடும் நேரத்தில் படம் சட்டென்று மங்கியது. விலை உயர்ந்த ஸ்கோப்புகள் காசுக்கு ஈடு காட்டுவது அந்தக் கடைசி கால் மணி நேரத்தில்தான். பகல் வெளிச்சத்திலும் விளக்கு போட்ட கூடத்திலும் சுடுகிறவருக்கு அது தேவைப்படாது.

அடுத்தது கண்ணுக்கான சரிசெய்தல். கண் வைக்கும் பக்கத்து வளையத்தைத் திருகினால் உள்ளே இருக்கும் குறுக்குக்கோடு தெளியும். பலர் இலக்கைப் பார்த்துக்கொண்டே இதைத் திருகுகிறார்கள். வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து, ஒரு நொடி பார்த்துக் கண்ணை எடுத்து, மறுபடி பார்த்துத் திருக வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகவே சமாளித்துக்கொள்ளும், அளவு தவறிப்போகும். நண்பர் தூரப் பார்வைக் கண்ணாடியோடு பார்த்து வளையத்தை நிறுத்தினார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. கோடும் சுவரும் ஒரே தளத்தில், ஒரே தெளிவில். மூன்று தூரங்கள் ஒன்றாகிவிட்டன. வெள்ளெழுத்துக்காரருக்கு ஸ்கோப் செய்யும் உதவி இதுதான். பெரிதாகக் காட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

பிறகு சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து ரைஃபிளை வைத்தார். குழலை மடக்கி, உள்ளே குண்டு இல்லை என்று இருவரும் பார்த்துக்கொண்டோம். ரிங்குகளின் கீழ்ப்பாதியைப் பள்ளத்தில் பொருத்தி, ஸ்கோப்பை வைத்து, மேல்பாதியை லேசாக முடுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் சாத்தி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, கண்ணைத் திறக்க வேண்டும். அப்போது முழு வட்டமும் தெரிந்தால் ஸ்கோப் சரியான இடத்தில் இருக்கிறது. கழுத்தை நீட்டியோ இழுத்தோ பார்க்க வேண்டியிருந்தால் ஸ்கோப்பைத்தான் நகர்த்த வேண்டும். இவருக்குக் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே நாலு விரற்கடை இடம் விட்டபோது வட்டம் நிறைந்தது.

குறுக்குக்கோடு சாயாமல் நிற்க, ஜன்னல் கம்பியிலிருந்து நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டார். நிலைக்கோடு நூலோடு ஒட்டி நின்றதும் ஆலன் கீயால் திருகாணிகளை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் கால் சுற்றாக முடுக்கினார். ஒரே பக்கத்தை இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஸ்கோப் உருண்டுவிடும். வேகத்தில் அளவுக்கு மீறி முடுக்கினால் மெல்லிய அலுமினியக் குழாய் நசுங்கும், உள்ளே இருக்கும் அசையும் பகுதி சிக்கிக்கொள்ளும்.

அடையாறு: பத்து மீட்டரில் தெரிந்த உண்மை

பயிற்சிக் கூடம் அடையாற்றின் உட்தெரு ஒன்றில், ஒரு கட்டிடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் பயிற்சி முடியும் நேரத்துக்குப் போனோம். மாணவர்கள் 'அக்கா' என்று கூப்பிடும் பயிற்சியாளர் வரவேற்றார். பாதுகாப்புக் கண்ணாடி போட்ட பிறகுதான் கோட்டுக்குப் பக்கத்தில் விட்டார்.

கடைசி வரிசையில் பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் சுட்டுக்கொண்டிருந்தாள். அழுத்தக் காற்றில் இயங்கும் பந்தய ரைஃபிள், உதைப்பே இல்லை. அதில் ஸ்கோப் கிடையாது. பின்னால் ஊசித் துளை வைத்த வட்டு, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் தொலைநோக்கிக் கண்ணாடிக்கு அனுமதி இல்லை. இலக்கு முழுவதுமே 45.5 மி.மீ. அகலம். நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அறுபது குண்டுகள், வெறுங்கண், பயின்ற உடம்பு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போனது இந்தப் போட்டிக்காக. 2012 லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நரங் பிறந்தது சென்னையில். தமிழ்நாட்டின் நர்மதா நித்தின் 2023-ல் கெய்ரோ உலகக் கோப்பையில் ருத்ராங்க்ஷ் பாட்டீலோடு சேர்ந்து கலப்பு அணித் தங்கம் வென்றார். இங்கிருந்து கிட்டத்தில், வேளச்சேரி குருநானக் கல்லூரி சுடுதளத்தில்தான் 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளின் துப்பாக்கிச் சுடுதல் நடந்தது. பந்தயத்துக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு ஸ்கோப் வாங்கித் தருவதில் பயன் இல்லை என்பதைப் பெற்றோர் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நண்பரின் தேவை வேறு. அவருக்குப் பதக்கம் வேண்டாம், அட்டையில் ஒழுங்காகப் பட்டால் போதும். பயிற்சியாளர் ரைஃபிளை மணல் பைமேல் வைத்து, "கையால தொடாம, கண்ணை மட்டும் மேலயும் கீழயும் நகர்த்திப் பாருங்க சார்" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். ரைஃபிள் அசையவில்லை, அட்டை அசையவில்லை. குறுக்குக்கோடு மட்டும் அட்டைமேல் நகர்ந்துகொண்டிருந்தது.

பேரலாக்ஸ் என்பது இதுதான். பொதுவாக ஸ்கோப்புகளை 100 கஜத் தூரத்துக்குச் சரிசெய்து அனுப்புகிறார்கள். அந்தத் தூரத்தில் கண் எங்கே இருந்தாலும் கோடு நகராது. பத்து மீட்டரில் நகரும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 32 மி.மீ. லென்ஸின் ஓரத்தில் கண் இருந்தால் குறி சுமார் 14 மி.மீ. தள்ளிப்போகலாம். குண்டின் விட்டமே நாலரை மி.மீ.தான். இலக்கில் இது பல வளையங்களை விழுங்கிவிடும். ஏர் ரைஃபிளுக்கென்றே செய்த ஸ்கோப்புகளை இதற்காகத்தான் இன்னும் கிட்டத் தூரத்துக்குச் சரிசெய்கிறார்கள், அல்லது முன் லென்ஸைத் திருகித் தூரத்தை மாற்றும் வசதி வைக்கிறார்கள். பெட்டியில் தேடிய தகவலின் முக்கியத்துவம் இங்கே விளங்கியது.

பயிற்சியாளர் கையில் எடுத்த மருந்து எளிமையானது. கறுப்பு சார்ட் காகிதத்தில் லென்ஸ் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டினார். அதன் நடுவில் 12 மி.மீ. அளவுக்குத் துளை போட்டு, முன் லென்ஸின் மேல் செருகினார். மறுபடி கண்ணை நகர்த்தினோம். கோட்டின் ஓட்டம் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. லென்ஸின் ஓரத்து ஒளி உள்ளே வராததால் அட்டையின் மங்கலும் தெளிந்தது. வெளிச்சம் சற்றுக் குறைந்தது. அட்டைமேல் விழும் விளக்கு பிரகாசமாக இருந்ததால் அது இடைஞ்சலாகத் தெரியவில்லை. சிறிய லென்ஸ் வைத்த 4×20-ல் இந்தப் பிழை இயல்பாகவே குறைவு என்பதும் இதிலிருந்து புரிகிறது. பத்து மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறவருக்குப் பெரிய லென்ஸ் அனுகூலம் இல்லை.

அடுத்து ஜீரோ பண்ணுவது, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருத்துவது. மூடியைக் கழற்றினால் மேலே ஒரு திருகு, பக்கத்தில் ஒரு திருகு. ஒரு க்ளிக் என்பது 100 கஜத்தில் கால் அங்குலம். பத்து மீட்டரில் அது 0.7 மி.மீ.தான். முதல் குண்டுகள் ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்வாகப் பட்டிருந்தன. ஏறக்குறைய இருபது க்ளிக் மேலே திருப்ப வேண்டும். நண்பர் ஒன்றிரண்டு க்ளிக் திருப்பிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று என்னைப் பார்த்தார்.

"எண்ணித் திருப்புங்க சார், பயப்படாதீங்க. திருப்பினதும் குழாய்மேல விரலால ரெண்டு தட்டுத் தட்டுங்க" என்றார் பயிற்சியாளர். மலிவு ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பலவீனமானது. திருகு நகர்ந்த பிறகும் உள்குழாய் பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அடுத்த குண்டின் அதிர்வில்தான் இடம் மாறும். தட்டிவிட்டுச் சுட்டதும் குண்டு ஏறி வந்தது.

ஏறிய குறி நிலைக்கவில்லை. நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த குண்டுகள் படிப்படியாக இடம் மாறத் தொடங்கின. பயிற்சியாளர் சுடத் தொடங்கும் முன்பே தன் பையிலிருந்த நகப்பூச்சை எடுத்து, ரிங்கின் அடியிலும் ரைஃபிளின் முதுகிலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். இப்போது பார்த்தால் கோடு இரண்டாக உடைந்து, ரிங்கில் இருந்த பாதி பின்னால் நகர்ந்திருந்தது.

ஸ்பிரிங் ரைஃபிளின் குணம் அது. ட்ரிக்கரை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, ரைஃபிள் பின்னால் உதைக்கிறது. குழாயின் முடிவில் பிஸ்டன் காற்றில் மோதி நிற்கும்போது ரைஃபிள் முன்னால் இழுபடுகிறது. ஒரே சுடுதலில் இரண்டு திசைகளிலும் அதிர்ச்சி. வெடிமருந்துத் துப்பாக்கியின் உதை பலமானது, ஆனால் பின்பக்கம் மட்டுமே. அதைத் தாங்கும் நல்ல ஸ்கோப்புகளும் ஸ்பிரிங் ரைஃபிளில் குறுக்குக்கோடு அறுந்து கெட்டுப்போனதுண்டு. அதனால்தான் "ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது" என்று குறிப்பிட்டதை வாங்க வேண்டும். ரைஃபிளின் முதுகில் சிறு துளை ஒன்று இருக்கும். பின் ரிங்கின் அடியில் இருக்கும் முள்ளை அந்தத் துளையில் இறக்கி முடுக்கினால் ரிங் நகராது. இறக்கினோம். அதன் பிறகு சிவப்புக் கோடு உடையவில்லை.

முன்னால் தாங்கும் கையால் ரைஃபிளை இறுகப் பிடிக்காமல், உள்ளங்கையைத் தாங்கலாக மட்டும் வைக்கச் சொன்னார் பயிற்சியாளர். ஸ்பிரிங் ரைஃபிள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர அதன் போக்கில் விட வேண்டும். நண்பர் மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, இழுத்தார். ஸ்கோப் இல்லாமல் இரும்பு சைட்டில் அட்டை முழுக்கச் சிதறிக்கொண்டிருந்த அவருடைய குண்டுகளை, கூடத்தை விட்டுக் கிளம்பும் நேரத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மூடிவிடலாம் என்று இருந்தது. நாணயத்தின் அகலம் 22 மி.மீ. தாங்கலை எடுத்துவிட்டு நின்றபடி சுட்டபோது மறுபடி பரந்தது.

"ஸ்கோப் நாலு மடங்கு காட்டுதுன்னா, உங்க கை நடுக்கத்தையும் நாலு மடங்கா காட்டும் சார். நடுக்கத்தை நிறுத்த வேண்டியது நீங்கதான்" என்றார் அவர். கடைசி வரிசைப் பெண்ணின் அட்டையில் குண்டுகள் ஒரே துளையைப் பெரிதாக்கியிருந்தன, ஸ்கோப்பே இல்லாமல்.

பெசன்ட் நகர்: பலூன் பலகைக்கு இது வேண்டாம்

திரும்பும் வழியில் எலியட்ஸ் கடற்கரைக்குப் போனோம். சென்னைக்காரர்களில் பெரும்பாலோர் ஏர் ரைஃபிளைத் தொட்டது இங்கேயோ மெரினாவிலோதான். பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், மூன்று நான்கு மீட்டர் தூரம், தேய்ந்த சைட் வைத்த பழைய ரைஃபிள். "நல்லா குறி பாத்து அடிங்கண்ணா" என்று குண்டு போட்டுக் கொடுக்கிறார் கடைக்காரர்.

ஸ்கோப் போட்டால் பலூன் தப்பாது என்று தோன்றும். உண்மையில் இங்கே ஸ்கோப்தான் தொந்தரவு. ஸ்கோப்பின் மையம் குழலுக்கு மேலே சுமார் 4 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பார்வைக் கோடும் குண்டின் பாதையும் சந்திக்கும்படி பத்து மீட்டரில் சரிசெய்தால், நான்கு மீட்டரில் குண்டு குறிக்கு 2 செ.மீ. கீழே போகும். படமும் கலங்கலாக இருக்கும். அதே ரைஃபிள் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் சுடுவதாக வைத்துக்கொண்டால், பதினேழு மீட்டரை ஒட்டி ஒரு சென்டிமீட்டருக்குள் மேலே ஏறி, இருபத்தைந்து மீட்டரை நெருங்கும்போது மறுபடி குறியில் வந்து விழும். ஆக, பத்திலிருந்து இருபத்தைந்து மீட்டர்வரைதான் இந்தக் குட்டி ஸ்கோப்பின் ராஜ்யம்.

வாங்கலாமா?

வெள்ளெழுத்து வந்த பிறகும் சுடும் ஆசை விடாதவர் தாராளமாக வாங்கலாம். மடக்குக் குழல் ரைஃபிள் வைத்திருப்பவருக்கு நீள ஸ்கோப்பைவிடக் குட்டி ஸ்கோப்பே மேல். நாலு மடங்கு போதும், ஒன்பது மடங்கு பத்து மீட்டரில் வீண். பந்தயத்துக்குத் தயாராகும் பிள்ளைக்கு வேண்டாம். இதுவரை சுட்டே பழகாதவர் முதலில் இரும்பு சைட்டில் பழகிவிட்டு வருவது நல்லது. காசை எதில் முதலில் போடுவது என்று கேட்டால், நல்ல குண்டு, முள் வைத்த உறுதியான ரிங், அப்புறம் ஸ்கோப் என்பேன். ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது சட்டத்தையும் மனசாட்சியையும் பற்றி. 2016 ஆயுத விதிகளின்படி, .177 அளவுக்கு மிகாத, 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் வேண்டாம். ஜெர்மனியில் இந்த வரம்பு 7.5 ஜூல், இங்கிலாந்தில் சுமார் 16 ஜூல். நமக்குக் கொடுத்திருக்கும் சலுகை பெரியது. அதைக் கொண்டு மொட்டை மாடியில் காகத்தையும் கிளியையும் குறிவைப்பது கொடுமை. காட்டுப் பறவைகளைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் ஏர் கன்களை ஒப்படைக்கும் இயக்கத்தை அரசே தொடங்கியது. பறவைகள் மறைந்துவருகின்றன என்று உணர்ந்த கிராமத்து மக்கள் தாங்களாகவே முன்வந்து துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். அடையாற்றுக் கழிமுகமும் கிண்டித் தேசியப் பூங்காவும் நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கின்றன. மயிலாப்பூர் மாடியிலிருந்து தவறிய ஒரு குண்டு இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்கப் போதுமானது.

ஸ்கோப் வாங்குங்கள், ஆசை தீரச் சுடுங்கள். பின்னால் சுவர் இருக்கும் தளத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, காகித அட்டையை மட்டும் சுடுங்கள்.